கார்க் உடையாம ஒயின் பாட்டிலைத் திறக்கணுமா? 1795-லேயே வழி கண்டுபிடிச்ச பாதிரியார்!

கார்க் ஸ்க்ரூவுக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கியவர், இங்கிலாந்து பாதிரியார் சாமுவேல் ஹென்ஷால். ஆண்டு 1795.

அதுக்கு முன்னாடியும் திருகு கம்பி இருந்துச்சு. ஆனா ரொம்ப ஆழமா இறங்கினா கார்க் உதிர்ந்துடும். பழைய கார்க்னா கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு அசையவே அசையாது. ஹென்ஷால் செஞ்சது சின்ன வேலைதான். திருகுக்கு மேலே ஒரு உலோக வட்டு வச்சார். வட்டு கார்க்கில் முட்டினதும் திருகு மேற்கொண்டு இறங்காது. இன்னும் திருகினா கார்க்கே சுத்தி, கண்ணாடியோட இருந்த பிடிப்பு விட்டுடும். அப்புறம் இழுத்தா போதும். தயாரிச்சுக் கொடுத்தவர் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன். ஆமா, ஜேம்ஸ் வாட்டோட நீராவி இன்ஜின் கூட்டாளியேதான்!

ஆனா ஹென்ஷால் உழைச்சது பழைய ஆங்கில மொழி ஆராய்ச்சியில். புத்தகமும் எழுதினார். 1800-ல் ஆக்ஸ்போர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டார், கிடைக்கல. பிறகு கிழக்கு லண்டனின் போ பகுதி தேவாலயத்தில் பாதிரியாராக இருந்து, 1807-ல் இறந்தார்.