தில்லைக் கோவிந்தராசப் பெருமாளும் அச்சுததேவராயரும்

விஜயநகரப் பேரரசர் ஸ்ரீ கிருஷ்ணதேவராயர் 1529 ஆம் ஆண்டில் பரமபதம் எய்தியபோது, அரியணை யாருக்கு உரியது என்னும் வினா துங்கபத்திரைக் கரையில் எழுந்தது. 1524 இல் இளவரசுப் பட்டம் சூட்டப்பெற்ற அவர்தம் மகன் திருமலைராயன் சின்னாட்களிலேயே மறைந்துவிட்டான். எஞ்சிய மகனோ 18 திங்களே நிரம்பிய குழந்தை. வடக்கே பிஜப்பூர் சுல்தானும், கிழக்கே கஜபதி மன்னரும் காலம் பார்த்திருந்தனர். இதனையெல்லாம் எண்ணியே ராயர், தம் தம்பி அச்சுதரைத் தமக்குப்பின் அரசாளுமாறு குறித்துச் சென்றார்.

அச்சுதர், துளுவ நரச நாயக்கருக்கும் ஓபாம்பிகைக்கும் பிறந்தவர். கிருஷ்ணதேவராயருக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அரசுரிமைப் பூசல் விளையாதிருக்கும் பொருட்டுச் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். காவலிலிருந்த தம்பியைத் தேடி அரசுரிமை வந்தது. அதனுடன் பூசலும் வந்தது.

கிருஷ்ணதேவராயரின் மருமகனான அளிய ராமராயர், மன்னரின் மகன் இருக்கத் தம்பி முடிசூடுதல் முறையன்று எனக் கொண்டு, அக்குழந்தையை அரியணையேற்றித் தாமே ஆட்சிப் பொறுப்பை ஏற்க முனைந்தார். தந்தைக்குப்பின் மைந்தன் என்னும் வழக்கு அவருக்குத் துணை நின்றது. காலஞ்சென்ற மன்னரின் சொல் அச்சுதருக்குத் துணை நின்றது. செல்லப்பா எனப்பட்ட சாளுவ வீரநரசிம்மர், அச்சுதர் வந்து சேரும்வரை அரியணையைக் காத்து நின்றார். திருமலையிலும் காளத்தியிலும் முடிசூடிக்கொண்டு தலைநகர் புகுந்த அச்சுதர், அங்கும் முறைப்படி முடி புனைந்தார். ராமராயருக்கும் ஆட்சியில் பங்களித்து உடன்பாடு கண்டார்.

ஆயினும் அமைதி நீடிக்கவில்லை. அரியணையைக் காத்துக் கொடுத்த செல்லப்பாவே 1531 இல் கலகம் விளைத்துத் திருவிதாங்கூர் மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார். ராயர் தெற்கே படை நடத்தினார். தாம் திருவரங்கத்தில் தங்கியிருக்க, மைத்துனரின் தலைமையில் சென்ற படை தாமிரபரணிக் கரைவரை வென்று, அங்கே வெற்றித் தூண் நாட்டியது. காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பு முத்துக்களால் துலாபாரம் செய்த பெருமையும் இம்மன்னருக்கு உண்டு. திருமலைத் திருக்கோயிலில் அவரும் தேவியார் வரதாம்பிகையும் கைகூப்பி நிற்கும் சிலைகளை இன்றும் காணலாம்.

மஞ்சக்குப்பத்திற்குத் தெற்கே விளங்கும் தில்லைத் திருச்சித்திரகூடம், குலசேகர ஆழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய திவ்விய தேசம். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் இத்தலத்து எம்பெருமானுக்கு இடர் நேர்ந்தது. திருவகீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தருளிய ஸ்ரீ வேதாந்த தேசிகரின் காலத்தில், கோப்பணாரியர் துணையுடன் சந்நிதி மீண்டது என்பது வைணவ மரபு. பின்னர் 1539 இல் அச்சுததேவராயர், தில்லைக் கோவிந்தராசப் பெருமாளை வைகானச சூத்திர முறைப்படி எழுந்தருளச் செய்யுமாறு ஆணையிட்டார். நித்திய கைங்கரியங்களுக்காக நான்கு ஊர்களின் வருவாயினின்றும் 500 பொன் அளித்தார். இச்செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கூத்தப்பிரான் சந்நிதியையும் பள்ளிகொண்ட பெருமாள் சந்நிதியையும் ஓரிடத்தே நின்று சேவிக்கும் பேறு இத்தலத்தின் தனிச்சிறப்பு.

1542 இல் அச்சுதராயர் மறைந்தார். அவருடைய மகன் வேங்கடாத்ரி இளம் பருவத்தினன். அன்று பகைவர் எழுப்பிய வினாவே இப்போது அவர்தம் இல்லத்திலேயே எழுந்தது. வரதாம்பிகையின் உடன்பிறந்தானாகிய சலகராஜ சின்னத் திருமலையன் ஆட்சிப் பொறுப்பைக் கைக்கொண்டான். தமையன்மேல் ஐயுற்ற தேவியார் பிஜப்பூர் சுல்தானின் உதவியை நாடினார், அதுவும் பயன்படவில்லை. மருமகன் என்றும் பாராமல் சின்னத் திருமலையன் வேங்கடாத்ரியைக் கொன்றான். அரச குலத்தவர் பலரையும் அழித்தான். ராமராயர், அச்சுதரின் மற்றொரு சகோதரனாகிய ரங்கனின் மகன் சதாசிவனைக் காவலினின்று மீட்டு, கொடியவனைப் போரில் வீழ்த்தி, முடிசூட்டினார். 1529 இல் மைந்தனின் உரிமையைப் பேசிய ராமராயரே, இப்போது உடன்பிறந்தான் மகனின் உரிமையைப் பேசினார். இருமுறையும் ஆளும் அதிகாரத்தை அவர் நாடியதே மாறாதிருந்தது.

அண்ணன் தனக்கு ஒரு சொல்லை விட்டுச் சென்றான். அச்சொல்லைக் காக்க ஒரு தளபதி இருந்தான். அச்சுதரின் மகனுக்கோ அத்தகைய காவலர் எவரும் வாய்க்கவில்லை. அரியணைக்கு உரியவர் யார் என்பதை உறுதியான முறையால் தீர்க்காமல், ஒவ்வொரு முறையும் வாளால் தீர்த்துக்கொண்ட அரசு, 1565 இல் தலைக்கோட்டைப் போர்க்களத்தில் நிலைகுலைந்தது. அச்சுதர் போராடிக் காத்த அரியணை இன்று இல்லை. அவர் நிலைநிறுத்திய தில்லைக் கோவிந்தராசன் திருவாராதனம் தொடர்ந்து நடைபெறுகிறது.