தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிய துன் சம்பந்தன்

முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று வழங்கிய வீதிக்கு இன்று துன் சம்பந்தன் பெயர். அங்கே நாள்தோறும் சரக்கு இறக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரிய வேண்டாமா?

வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1919ல் பேராக் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட முதலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்துத் திரும்பினார்கள். 1948ல் அவசரகாலம் மூண்டதும் அதே சுங்கை சிப்புட்டில்தான். ஒருவரையொருவர் சந்தேகித்த அந்த வட்டாரத்திலேயே அரசியலில் இறங்கி, 1955ல் ம.இ.கா. தலைவரானார்கள். அதுவரை அக்கட்சியில் ஆங்கிலம் படித்த பட்டணத்துக் கனவான்களே முன்னின்றார்கள். தோட்டத்து ஜனங்களோடு அவர்களுக்கு ஒட்டு உறவு குறைவு. சம்பந்தன் அவர்களோ வேட்டி ஜிப்பாவுடன் லயத்து வாசலுக்கே போய்த் தமிழில் பேசினார்கள்.

அந்தப் பேச்சுக்கு உண்மையான சோதனை தோட்டத் துண்டாடலில் வந்தது. சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். தொழிலாளிக்குக் கூலி மட்டுமா போயிற்று? வீடும் பிள்ளைகளின் பள்ளியும் கூடவே போயின. தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கென்று 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது.

சொல்வது சுலபம். பற்றுப் புத்தகத்தில் நிற்கும் பத்து வெள்ளியை வசூலிக்க எத்தனை நடை என்பது கடைக்காரர்களாகிய நமக்குத் தெரியும். பால்மரம் வெட்டும் கூலியிடம், கண்ணால் காணாத தோட்டத்துக்குப் பணம் கொடு என்றால் லேசில் நம்புவானா? சம்பந்தன் அவர்கள் மந்திரி வேலைக்கு நடுவே மனைவி உமாசுந்தரி அம்மையாருடன் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். கட்சிக்காரன் யார், கட்சியைப் பிடிக்காதவன் யார் என்று பாராமல், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. அங்கத்தினர் தொகை பல்லாயிரமாயிற்று.

1969 மே கலவரத்துக்குப் பின், 1972ல் தேசிய ஒற்றுமைக்கான மந்திரிப் பொறுப்பு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. பொருத்தமான ஆள்தான். ஆனால் சொந்தக் கட்சிக்குள் மூண்ட பூசல் மட்டும் அவர்களால் தீரவில்லை. 1973ல் தலைமையை விட்டு விலகினார்கள். தந்தையார் வைத்துவிட்டுப் போன நிலங்களில் பெரும்பகுதியும் பொதுவாழ்விலேயே கரைந்தது.

1979 மே 18ல் காலமானார்கள். பத்து வெள்ளிக்காரர்களின் சங்கம் இன்றும் தோட்டங்களை நடத்தி வருகிறது.