மிமார் ஸினான்: ஐம்பதை நெருங்கும் வயதில் தொடங்கிய பெரும்பணி

இஸ்தான்புல் நகரின் குன்றுகள் மீது குவிமாடங்களும் மனாராக்களும் எழுந்து நிற்கும் காட்சியைப் படங்களிலாவது பார்த்திருப்போம். அந்நகருக்கு இந்தத் தோற்றத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் மிமார் ஸினான். மிமார் என்றால் கட்டடக் கலைஞர்.

ஸினான் 1490-ஆம் ஆண்டு வாக்கில் அனத்தோலியாவின் கைஸேரி அருகே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கிறிஸ்தவக் குடிகளின் பிள்ளைகளை அரசுப் பணிக்குத் திரட்டும் உஸ்மானிய வழக்கப்படி அவரும் அழைத்துச் செல்லப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவி, தச்சுவேலை கற்று, ஜானிஸரிப் படையில் வீரரானார். படையோடு பெல்கிரேட் முதல் பாக்தாத் வரை சென்றவருக்கு, வழியில் கண்ட கட்டடங்களே பாடசாலையாயின.

1538-இல் மால்டாவியாப் படையெடுப்பின்போது, புரூத் ஆற்றின் சதுப்பு நிலத்தில் பாலம் நிற்கவில்லை. ஸினான் சில நாட்களிலேயே உறுதியான பாலத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே சுல்தான் சுலைமான் அவரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. பலர் ஓய்வை எண்ணும் வயதில் அவருடைய உண்மையான பணி தொடங்கியது. அதன்பின் மூன்று சுல்தான்களின் காலத்தில், சுமார் அரை நூற்றாண்டு அப்பொறுப்பில் இருந்தார்.

1550-இல் தொடங்கி 1557-இல் முடிந்த சுலைமானியா, தொழுகைக் கூடம் மட்டுமல்ல. மத்ரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம், குளியல் இல்லம் என ஒரு சிறு ஊரே பள்ளிவாசலைச் சூழ்ந்து அமைந்தது. விளக்குகளின் புகை சுவர்களில் படியாமல், காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சேரும்படி செய்தார். அங்கு படிந்த கரி, எழுதும் மை தயாரிக்கப் பயன்பட்டது.

நகரின் தாகம் தீர்த்ததும் அவருடைய பணியே. கிர்க்செஷ்மே நீர்த்திட்டம் ஊருக்கு வெளியே உள்ள காடுகளின் ஊற்றுநீரைத் தெருக்குழாய்களுக்குக் கொண்டு வந்தது. 1563-இல் பெருவெள்ளம் நீர்ப்பாலங்களை உடைத்தது. ஸினான் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் கட்டினார். அவற்றுள் ஒன்றான மக்லோவா நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது.

எண்பது வயதை நெருங்கியபோது எதிர்னேயில் ஸலீமியா பள்ளிவாசலைத் தொடங்கினார். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள ஒரே குவிமாடத்தை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. குவிமாடத்தைத் தாங்கும் தூண் எதுவும் நடுவில் இல்லை. முன்னர்க் கட்டிய ஷெஹ்ஸாதே பள்ளியைப் பயிற்சிக்கால வேலையாகவும், சுலைமானியாவைத் தேர்ந்த தொழிலாளியின் வேலையாகவும், ஸலீமியாவையே தம் கைத்திறன் முதிர்ந்த படைப்பாகவும் அவர் கருதினார். எண்பது வயதிலும் கற்பவராகவே வாழ்ந்திருக்கிறார்.

ஸினான் 1588-இல் காலமானார். பள்ளிவாசல்கள், பாலங்கள் உட்பட நூற்றுக்கணக்கான கட்டுமானங்களை எழுப்பிய அவருடைய கப்ரு, சுலைமானியாவின் வெளிச்சுவர் மூலையில் சிறிய அளவில் உள்ளது. அருகில் வழிப்போக்கர்களுக்கான நீரூற்று ஒன்றும் உண்டு.

பள்ளிவாசல் கட்ட முனைவோர் மனாராவின் உயரத்தைக் கேட்கும் முன், அதைச் சுற்றி யார் பசியாறுவார், யார் கல்வி பெறுவார், யாருக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். ஸினானின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.