எலியட் ரிச்சர்ட்சன்

எலியட் லீ ரிச்சர்ட்சன் (ஜூலை 20, 1920 - டிசம்பர் 31, 1999) ஐக்கிய அமெரிக்காவின் வழக்கறிஞரும் குடியரசுக் கட்சி அரசியல்வாதியும் ஆவார். அந்நாட்டு நடுவண் அமைச்சரவையில் நான்கு வெவ்வேறு துறைகளுக்குத் தலைமை வகித்தவர். எனினும், வாட்டர்கேட் ஊழலை விசாரித்த சிறப்பு அரசு வழக்கறிஞரைப் பதவி நீக்கம் செய்ய மறுத்து 1973 இல் பதவி விலகியமைக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

பாஸ்டன் நகரில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட நிலத்தினூடே சென்று காயமுற்ற அதிகாரி ஒருவரை மீட்டார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் துணை ஆளுநராகப் பணியாற்றினார். 1970 இல் ரிச்சர்ட் நிக்சனின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

வாட்டர்கேட்

1973 மே மாதம் நிக்சன் இவரை நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலாக நியமித்தார். வாட்டர்கேட் விசாரணைக்குத் தனி வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவதாகவும், மிகப் பெரிய முறைகேடு இருந்தாலன்றி அவரை நீக்குவதில்லை எனவும் ரிச்சர்ட்சன் செனட் அவையிடம் உறுதியளித்தார். இவ்வுறுதியே பின்னர் அனைத்துக்கும் காரணமாயிற்று. ஹார்வர்டில் தமக்குச் சட்டம் கற்பித்த ஆர்ச்சிபால்ட் காக்சை அப்பதவியில் அமர்த்தினார்.

குடியரசுத் தலைவரின் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களைக் காக்ஸ் கோரினார். நாடாக்களுக்கு மாறாகச் சுருக்கம் மட்டுமே தரப்படும், அதனைச் செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் சரிபார்ப்பார் என்று வெள்ளை மாளிகை கூறியது. ரிச்சர்ட்சனும் தொடக்கத்தில் இந்தச் சமரசத்திற்கு முயன்றார் என்பது பலரும் குறிப்பிடாத செய்தி. காக்ஸ் இணங்கவில்லை. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமையன்று காக்சை நீக்குமாறு நிக்சன் ஆணையிட்டார். மத்திய கிழக்கில் போர் நடக்கும் வேளையில் பதவி விலகல் நாட்டுக்குக் கேடு என்றும் வலியுறுத்தினார். ரிச்சர்ட்சன் செனட்டுக்கு அளித்த வாக்கை மீற மறுத்து விலகினார். துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்சாசும் மறுத்துப் பதவியிழந்தார். அடுத்த நிலையிலிருந்த ராபர்ட் போர்க் ஆணையை நிறைவேற்றினார். நீதித்துறை தலைமையின்றிப் போகக்கூடாது எனக் கருதி, போர்க் பதவி விலக வேண்டாம் என்று ரிச்சர்ட்சனே கேட்டுக்கொண்டிருந்தார். இந்நிகழ்வு சனிக்கிழமை இரவுப் படுகொலை என்று பெயர் பெற்றது.

பின்விளைவுகள்

மக்களின் கடும் எதிர்ப்பால் நவம்பரில் லியோன் ஜவோர்ஸ்கி புதிய சிறப்பு வழக்கறிஞரானார். காக்சின் நீக்கம் சட்டவிரோதமானது என நடுவண் நீதிமன்றமொன்று அம்மாதமே தீர்ப்பளித்தது. நாடாக்களை ஒப்படைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1974 ஜூலையில் கூறியது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

ரிச்சர்ட்சன் பின்னர் பிரித்தானியாவுக்கான தூதராகவும் வணிகத்துறைச் செயலராகவும் பணியாற்றினார். 1998 இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். 1999 டிசம்பர் 31 அன்று பாஸ்டனில் காலமானார்.