தோடைக்கு வேர் தந்த சுவிங்கிள்

கனியைக் கொண்டு மரத்தை மதிப்பது உலக வழக்கு. கனியிலே தோற்று வேரிலே வென்ற ஒரு மரத்தையும், அதனை ஆக்கிய அறிஞரையும் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

வோல்டர் சுவிங்கிள் 1871ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே பிறந்தார். கன்சாசு விவசாயக் கல்லூரியிலே கற்றார். இருபதாம் வயதில் அரசின் விவசாயத் திணைக்களத்திற் சேர்ந்து, புளோரிடாவிலே தோடை மரங்களின் நோய்களை ஆராயலானார்.

1894 முடிவிலும் 1895 தொடக்கத்திலும் அங்கு கடுங்குளிர் இருமுறை தாக்கியது. தோட்டங்கள் பட்டழிந்தன, செல்வராயிருந்தோர் பலர் வறியராயினர். குளிரைத் தாங்கும் தோடையை ஆக்கியே தீர்வதெனச் சுவிங்கிள் துணிந்தார். சீன நாட்டிலே, நம் வில்வம் போன்று மூவிலையுடைய முட்தோடை ஒன்றுண்டு. பனிக்கும் அது அஞ்சாது. ஆயின் கனி வாயில் வைக்கவொண்ணாக் கசப்பு. 1897இல் அதனை இனிப்புத் தோடையுடன் மகரந்தக் கலப்புச் செய்தார். பிறந்த கலப்பினம் சிற்றேஞ்சு எனப்பட்டது. மரம் குளிரைத் தாங்கிற்று. கனியோ புளித்துக் கசந்தது. சந்தையிலே அதற்கு இடமில்லை.

அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1909இல் கலிபோர்னியாவிலே அவர் வழிகாட்டலில் அக்கலப்பு மீண்டும் நடைபெற்றது. 1930களில், துயரம் என்னும் பொருளுடைய திரிசுத்தேசா நோய் பிரேசிலிலும் ஆர்ச்சென்ரீனாவிலும் பரவி, புளித்தோடை ஒட்டுக்கட்டையில் வளர்ந்த மரங்களை இலட்சக்கணக்கில் மாய்த்தது. பின்பு கலிபோர்னியாவையும் பற்றியது. அப்பொழுது, 1909ஆம் ஆண்டுக் கலப்பில் வந்த திரோயர் சிற்றேஞ்சு நோயைத் தாங்கி நின்றது. அதன்மேல் அரும்பொட்டிய இனிப்புத் தோடை செழித்தது. உண்ணத்தகாத கனியின் மரம், உண்ணுங் கனிக்குச் செவிலித்தாயாயிற்று! இன்றும் பல நாட்டுத் தோட்டங்கள் சிற்றேஞ்சு வேரிலே நிற்கின்றன.

நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் ஒரு முட்செடிக்கென 1916இல் புதுப் பேரினம் வகுத்தவர், சிங்கள மக்கள் வழங்கும் பம்புரு என்னும் பெயரைத் தழுவியே அதற்குப் பெயரிட்டார். கோயில் வில்வமும், காட்டு விளாவும், வேலியோரத் தேசியும் ஒரு குடும்பத்து உறவினரென்பதை அவரது 1943ஆம் ஆண்டுப் பெருநூல் விரித்துரைக்கின்றது.

1952இல் அவர் மறைந்தார். முதற் கலப்புக்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்தே அவர் உழைப்பு முழுப்பயன் தந்தது. ஒரு பரீட்சையிலே தவறியதும் மனஞ்சோரும் நம் இளைஞர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நமது கனி கசந்ததென்று பிறர் கூறலாம். வேர் எதற்கு உதவுமென்பதைக் காலமே கூறும்.