சேனாபதி சுதிர்மான்

வீரர் என்ற சொல்லைக் கேட்டவுடனே அகன்ற மார்பும் திரண்ட தோளும் உடையாரையே நம் மனம் நாடுகின்றது. நம் பழம்புலவர்களும் தம் தலைவர்களை அவ்வாறே பாடி நம்மைப் பழக்கிவிட்டனர். ஆயினும், ஒரு நுரையீரல் மட்டுமே உதவ, பிறர் தோளில் சுமக்கப்பட்டவாறே ஏறக்குறைய ஏழு மாதம் ஒரு சேனையை நடத்திய வீரரும் இவ்வுலகில் இருந்தார். அவரே இந்தோனீசியக் குடியரசின் முதற் சேனாபதியாகிய சுதிர்மான். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சுதிர்மான் 1916ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆம் நாள் நடு ஜாவாவிலுள்ள பூர்பலிங்காப் பகுதியில் எளிய குடியொன்றிற் பிறந்தார். உறவினரான ஓர் அதிகாரி அவரைத் தம் மகனாக ஏற்றுச் சிலாசாப் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் வளர்த்தார். அக்காலத்தில் அத்தீவுகள் யாவும் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. கல்வி பயின்ற பின் சுதிர்மான் முகம்மதியாச் சங்கத்தாரின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்து, நாளடைவில் தலைமையாசிரியரும் ஆயினார். 1912இல் தோன்றிய அச்சங்கம், நம் நாட்டில் மிஷன்கள் செய்தது போலவே, பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் நிறுவித் தன் சமயத்தாரிடையே தொண்டு புரிந்தது. ஊதியம் சிறிதாயினும் ஆசிரியப் பணியே அவருக்கு உவப்பாயிருந்தது. போர் வாராதிருப்பின் அவர் வாழ்நாள் முழுதும் பலகையும் சுண்ணக்கட்டியுமாகவே கழிந்திருக்கலாம்.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றினர். மூன்று நூற்றாண்டுகளாக வெல்லற்கரியார் என்று கருதப்பட்ட ஒல்லாந்தர் சில நாட்களிற் பணிந்தனர். புதிய ஆட்சியாளர் விடுதலை தருவார் என்று நம்பியவர்களுக்குக் கிடைத்தவை பஞ்சமும் கட்டாய வேலையுமே. சுதிர்மானின் பள்ளியும் மூடப்பட்டது. அவர் அதிகாரிகளிடம் வாதாடி அதனை மீண்டும் திறப்பித்தார். பின்னர் ஜப்பானியர் உள்நாட்டாரைக் கொண்டே தாயகக் காவற்படை ஒன்றைத் திரட்டினர். 1944இல் சுதிர்மான் அதிற் சேர்ந்து, பயிற்சி பெற்று, குரோயா என்னுமிடத்துப் படைப்பிரிவின் தலைவரானார். அடிமைப்படுத்தியவன் தன் நலங் கருதிக் கற்பித்த படைக்கலப் பயிற்சியே அடிமைத்தளையை அறுக்கப் பயன்பட்டது வியப்பன்றோ!

1945 ஆகஸ்டு 17ஆம் நாள் சுகர்ணோவும் ஹத்தாவும் விடுதலையை அறிவித்தனர். நவம்பர் 12ஆம் நாள் யோக்யகார்த்தா நகரிற் கூடிய படைத்தலைவர்கள் வாக்களித்துத் தம் சேனாபதியைத் தேர்ந்தனர். ஒல்லாந்தர் சேனையில் நெடுநாள் உழைத்த, 52 வயதினரான ஊரிப் சுமோஹார்ஜோ ஒருபுறம். 29 வயதே நிரம்பிய பள்ளியாசிரியர் ஒருபுறம். மூன்றாம் சுற்றில் ஆசிரியரே வென்றார். தோல்வியுற்ற முதியவர் சிறிதும் மனங்கோணாது இளையவரின் கீழ்ப் பணி புரிந்தார். இச்செயலை நாம் மறத்தற்கில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் அம்பராவா நகரத்தைச் சுதிர்மானின் படையினர் பிரிட்டிஷ் சேனையிடமிருந்து மீட்டனர். ஜப்பானியரிடமிருந்து படைக்கலங்களைப் பெறுவதற்கென வந்த அச்சேனையின் பின்னே ஒல்லாந்தரும் திரும்பிவரலாயினர். அதிற் பணியாற்றியவர்களிற் பெரும்பாலோர் இந்தியப் படைவீரர் என்பதை நாம் நாணத்தோடு நினைவு கூர்தல் வேண்டும். தாமே விடுதலை பெறாதவர் பிறர் விடுதலைக்குத் தடையாக அனுப்பப்பட்டனர்.

அடுத்த ஆண்டுகளில் உடன்படிக்கைகள் எழுதப்படுவதும் மீறப்படுவதுமாயின. 1948ஆம் ஆண்டின் இறுதியிற் சுதிர்மானைக் காசநோய் பற்றியது. யோக்யகார்த்தாவில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பந்தி ராபி மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. ஒரு நுரையீரல் செயலற்றதாக்கப்பட்டது. அவர் இல்லந் திரும்பிச் சின்னாளே ஆன நிலையில், டிசம்பர் 19ஆம் நாள் வைகறையில் ஒல்லாந்தரின் ஆகாய விமானங்கள் நகரைத் தாக்கின.

நோயாளி படுக்கையை விட்டெழுந்து அதிபர் மாளிகைக்குச் சென்றார். சுகர்ணோவும் அமைச்சரும் நகரிலேயே தங்கிச் சிறைப்படுவதென முடிவு செய்தனர். சேனாபதியையும் தங்கிச் சிகிச்சை பெறுமாறு வேண்டினர். உயிர்மேல் ஆசையுடையார்க்கு அது தக்க அறிவுரையே. அவரோ இணங்காமல், ஒரு மருத்துவரும் சில வீரரும் உடன்வரத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மனைவியாரின் நகைகளே வழிச்செலவுக்கு உதவின. வண்டி செல்லாத மலைவழிகளில் டோலியில் வைத்து வீரர்கள் அவரை மாறிமாறிச் சுமந்தனர். மழையும் பசியும் ஒருபுறம் வருத்த, ஒல்லாந்தர் படை மற்றொருபுறம் தொடர்ந்தது. 1949 பிப்ரவரியில் லாவு மலைக்கருகே சோபோ என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்தே ஆணைகளை அனுப்பினார். பவுல் அப்போஸ்தலரும் சரீரத்திலே ஒரு முள்ளைத் தாங்கியன்றோ தம் ஓட்டத்தை ஓடினார்!

குடியரசு அழிந்ததென ஒல்லாந்தர் உலகுக்குச் சொல்லிவந்தனர். மார்ச்சு முதல் நாள் குடியரசுப் படை யோக்யகார்த்தாவினுட் புகுந்து ஆறு மணி நேரம் நகரைத் தன்வசம் வைத்திருந்தபோது அச்சொல் பொய்யாயிற்று. அதற்கு முன்னரே, ஜனவரியில், நேரு அவர்கள் புதுடில்லியிற் கூட்டிய மாநாட்டில் பல நாட்டினர் இந்தோனீசியாவுக்காகக் குரலெழுப்பியிருந்தனர். மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஜூலை 10ஆம் நாள், எலும்புந் தோலுமாய் மெலிந்த சேனாபதி யோக்யகார்த்தாவுக்குத் திரும்பினார்.

இனி நாம் கூறுவதே இச்சரிதத்தின் உயிர்நிலை. ஒல்லாந்தரோடு மீண்டும் உடன்பாடு செய்வதைச் சுதிர்மான் விரும்பவில்லை. முன்னிரண்டு முறை ஏமாந்தது போதாதோ என்று எண்ணினார். போரைத் தொடருமாறு ஆகஸ்டு மாதத்திற் சுகர்ணோவிடம் வாதாடினார். அவர் இணங்காமை கண்டு, பதவி துறக்கவும் துணிந்தார். சுதிர்மான் விலகினால் தாமும் விலகுவதாகச் சுகர்ணோ கூறினார். தாம் விலகினால் சேனை பிளவுபடும், நாடு சிதறும் என்பதை உணர்ந்த சுதிர்மான், தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே தம் பிடிவாதத்தை விட்டுப் பணியில் நிலைத்தார். சேனை முழுதும் தம் சொல்வழி நிற்க, அரசை எதிர்த்தெழுதல் அவருக்கு அரிதாயிருந்திராது. பிற நாடுகளில் அவ்வாறெழுந்த சேனாபதிகள் பலர். அவரோ பணிந்தார்.

1949 டிசம்பர் 27ஆம் நாள் ஒல்லாந்தர் ஆட்சியுரிமையை ஒப்படைத்தனர். அதன்பின் 33 நாட்களே சுதிர்மான் உயிர்வாழ்ந்தார். 1950 ஜனவரி 29ஆம் நாள், 34ஆம் வயதில், மகெலாங் நகரில் அவர் ஆவி பிரிந்தது. யோக்யகார்த்தாவில், தமக்குமுன் மறைந்த ஊரிப் அவர்களின் பக்கத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இன்று ஜகார்த்தாவின் பெருவீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

போரின் கொடுமையை நாம் புகழ்வதற்கில்லை. ஆனால், நம் சங்கங்களில் ஒரு தீர்மானம் நாம் எண்ணியவாறு நிறைவேறாவிடில் உடனே ராஜிநாமாக் கடிதம் நீட்டுவதையே மானமென்று கருதும் நாம், இவ்வாசிரியரிடம் ஒரு பாடங் கேட்டல் நலம். பகைவரை எதிர்க்க அவருக்கு ஒரு நுரையீரல் போதுமாயிருந்தது. தம்மை அடக்குதற்கோ முழு உள்ளமும் வேண்டியிருந்தது.