தட்டுகளை உடைத்த பணிப்பெண்... எம்.எஸ். நோயை அடையாளம் காட்டிய டாக்டர் ஷார்க்கோ யார்?

பாரிஸில் ஒரு இளம் டாக்டரின் வீடு. அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குக் கை நடுங்கும். தட்டு, கோப்பை என்று எதை எடுத்தாலும் உடைந்துவிடும். இந்த நடுக்கத்தால் அவருக்கு வேறு எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. டாக்டர் மட்டும் அவரை அனுப்பவே இல்லை. ஆண்டுக்கணக்கில் பீங்கான் சாமான்களுக்குக் காசு அழுதபடியே அந்த நடுக்கத்தைக் கவனித்து வந்தார். கடைசியில் அந்தப் பெண் இறந்த பிறகு உடலைப் பரிசோதித்தபோதுதான் விடை கிடைத்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கெட்டியான திட்டுகள்!

அந்த டாக்டர்தான் ழான் மார்ட்டின் ஷார்க்கோ. இந்தக் கதையை எழுதி வைத்தவர் அவரிடம் சில மாதங்கள் படித்த சிக்மண்ட் ஃபிராய்ட். ஷார்க்கோ அந்தப் பெண்ணை வேலையில் வைத்திருந்தது இரக்கத்தாலா, ஆராய்ச்சி ஆர்வத்தாலா? ஃபிராய்ட் சொல்லும் விதத்தைப் பார்த்தால் ஆர்வம்தான் தூக்கலாகத் தெரிகிறது.

அந்தத் திட்டுகளுக்கு இன்றைய பெயர் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி, நம் நரம்பு இழைகளைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமிகளை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், ஆள் தெரியாமல் இந்த உறையையே தாக்கினால் அதுதான் எம்.எஸ். உறை போன இடத்தில் மூளையின் கட்டளை தடுமாறும். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இப்படி உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்களைத்தான் ஆட்டோ இம்யூன் நோய்கள் என்கிறார்கள். ஷார்க்கோ காலத்தில் இந்த வார்த்தையே கிடையாது.

5,000 பெண்கள் இருந்த ஆஸ்பத்திரி

ஷார்க்கோ பிறந்தது 1825-ல், பாரிஸில். அப்பா குதிரை வண்டிகள் செய்பவர். 1853-ல் அவர் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு மூட்டு நோய்கள் பற்றியது. கீல்வாதத்தில் 'கவுட்' வேறு, இன்று முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு நோய் வேறு என்று பிரித்துக் காட்டினார். அந்த இரண்டாவது நோயும் ஒரு ஆட்டோ இம்யூன் நோய் என்பது பின்னாளில் தெரிந்தது.

1862-ல் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குத் தலைமை டாக்டர் ஆனார். ஒரு காலத்தில் வெடிமருந்து தயாரித்த இடம் அது. பிறகு ஏழைப் பெண்களை அடைத்து வைக்கும் விடுதியாக மாறியது. முதியவர்கள், வலிப்பு வந்தவர்கள், கைகால் விளங்காதவர்கள், மனநலம் குன்றியவர்கள் என சுமார் 5,000 பேர். பெயர் வாங்க நினைக்கும் டாக்டர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

ஷார்க்கோவும் நண்பர் வுல்பியானும் வார்டு வார்டாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு நோயாளியையும் சோதித்துக் குறிப்பெடுத்தார்கள். அங்கே வந்தவர்களில் பலர் சாகும் வரை அங்கேயேதான் இருந்தார்கள். அதனால் உயிரோடு இருக்கும்போது பார்த்த அறிகுறியை, இறந்த பின் மூளையில் தெரியும் கோளாறோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. ஸ்கேன் இல்லாத காலத்தில் இதுதான் ஒரே வழி. அந்தப் பெண்களின் நிர்க்கதிதான் மருத்துவத்துக்குப் பாடமானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டு நடுக்கம், இரண்டு நோய்

அந்தக் காலத்தில் கை நடுங்கினால் எல்லாமே ஒரே நோய்தான். ஷார்க்கோ கவனித்தது வேறு. சிலருக்குக் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்குகிறது. வேறு சிலருக்கோ ஏதாவது ஒன்றை எடுக்கக் கையை நீட்டினால்தான் நடுக்கம் வருகிறது. முதல் வகைதான் இன்று பார்கின்சன் நோய். இங்கிலாந்து டாக்டர் பார்கின்சனின் பெயரை அதற்குச் சூட்டச் சொன்னவரே ஷார்க்கோதான். இரண்டாவது வகை, பணிப்பெண்ணுக்கு வந்த எம்.எஸ். நடுக்கத்தைத் தெளிவாகப் பார்க்க நோயாளியின் தலையில் நீண்ட இறகை வைத்து, அது ஆடுவதைக் கவனித்திருக்கிறார்.

திட்டுகளை முதலில் பார்த்தவர் இவர் இல்லை. 1830-களிலேயே கார்ஸ்வெல், குருவேல்யே ஆகிய இருவரும் அவற்றைப் படமாக வரைந்துவிட்டார்கள். இதற்கு ஒரு தனி நோயின் முகத்தைக் கொடுத்ததுதான் ஷார்க்கோவின் வேலை. 1868-ல் வெளியான அவரது கட்டுரைகளும் பாடங்களும் அறிகுறிகளையும் திட்டுகளையும் இணைத்தன. கண்விழி தானாகத் துடிப்பது, கையை நீட்டினால் நடுங்குவது, சொற்களை அசை அசையாக இழுத்துப் பேசுவது ஆகிய மூன்றும் இன்றும் 'ஷார்க்கோ முக்கூறு' என்றே பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. எம்.எஸ். வந்த எல்லோருக்கும் இந்த மூன்றும் சேர்ந்து வருவதில்லை என்பது பின்னால் புரிந்தது.

மைக்ராஸ்கோப்பில் அவர் பார்த்த இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். திட்டுக்குள் மைலின் உறை அழிந்து போயிருக்கிறது, உள்ளே இருக்கும் நரம்பு இழை பல இடங்களில் தப்பித்து நிற்கிறது. நோயின் குறி உறைதான் என்பதற்கு இது முதல் துப்பு.

ஆனால் உறையைத் தாக்குவது யார்? அது அவருக்குத் தெரியவில்லை. நீண்ட நாள் துக்கம், ஈரக் குளிர் போன்றவற்றையெல்லாம் காரணமாகக் குறித்து வைத்தார். சில்வர் நைட்ரேட் கொடுத்துப் பார்த்தார். எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் விஷத்தையும் மருந்தாகப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. மருந்து இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

சறுக்கிய இடம்

1882-ல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி அவருக்காக உருவாக்கப்பட்டது. புகழின் உச்சம். அதே காலத்தில்தான் 'ஹிஸ்டீரியா' பக்கம் போனார். மூளையில் எந்தக் கோளாறும் தெரியாமலே வலிப்பும் வாதமும் வரும் பெண்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, நிரம்பி வழியும் வகுப்பில் காட்டினார். மருத்துவர்களோடு எழுத்தாளர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்கள் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்துகொள்கிறார்கள் என்று நான்சி நகர டாக்டர் பெர்ன்ஹெய்ம் எதிர்த்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. பிரேதப் பரிசோதனை தீர்ப்புச் சொல்லாத இடத்தில் ஷார்க்கோவின் முறை கைகொடுக்கவில்லை. ஹிஸ்டீரியா பற்றிய தன் கருத்தைத் திருத்த வேண்டும் என்று கடைசி நாட்களில் அவரே சொன்னதாக அவருடைய உதவியாளர் பதிவு செய்திருக்கிறார். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 16-ல், பயணம் போன இடத்தில் இறந்தார். வயது 67.

நாய்க்கடி ஊசி தந்த துப்பு

உறையைத் தாக்குவது யார் என்ற கேள்விக்கு விடை வேறு திசையில் இருந்து வந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தத் தடுப்பூசி இந்தியாவில் 2000-களின் தொடக்கம் வரை இருந்தது. இப்படி விலங்குகளின் நரம்புத் திசுவில் செய்த ரேபிஸ் ஊசிகளால் சிலருக்கு வாதம் வந்தது. வந்தது ரேபிஸா, ஊசியின் விளைவா?

இதைச் சோதிக்க 1930-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் குழு, குரங்குகளுக்குக் கிருமி இல்லாத முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டது. சில குரங்குகளுக்குக் கைகால் தள்ளாடியது. மூளையை எடுத்துப் பார்த்தால் மைலின் அழிந்திருந்தது! கிருமியே இல்லாமல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இதைச் செய்யலாம் என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது.

எம்.எஸ். திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் முதல் மருந்து, இன்டர்ஃபெரான் பீட்டா. நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கும் ஊசி அது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1993-ல், ஷார்க்கோ இறந்து 100 ஆண்டுகள் கழித்து.